கொங்கு நாட்டு வகுப்பறைகளில் மாணவர் ஈடுபாடு: திண்ணைப் பள்ளி முதல் செயல்வழிக் கற்றல் வரை

முன்னுரை

வகுப்பில் மாணவரின் கவனம் நிலைபெறுவது ஆசிரியரின் பேச்சுத்திறனைப் பொறுத்தது என்பது பரவலான கருத்து. கோயம்புத்தூர் வட்டாரக் கல்வி வரலாறு இதனினும் வேறான ஒன்றைச் சுட்டுகிறது. மாணவரிடம் ஒப்படைக்கப்பட்ட செயலே அவரது கவனத்தைத் தாங்கியுள்ளது. இதனை மூன்று காலகட்டங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திண்ணைப் பள்ளி

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் அவ்வாண்டு அனுப்பிய அறிக்கையின்படி, மாவட்டத்தில் 763 பள்ளிகளில் 8,206 மாணவர் பயின்றனர். பள்ளிக்குச் சராசரியாக 11 பேர் என்பது கருதத்தக்கது. திண்ணைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர் மணலில் விரலால் எழுதினார். மூத்தவர் ஓலையில் எழுதினார். எழுதியதை உரக்கச் சொல்வதும் பயிற்சியின் பகுதியாகும். இளையோரைச் சட்டாம்பிள்ளை கவனித்துக்கொண்டார். சென்னை எழும்பூரில் ஆண் அனாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலெழுத்தை நாட்டுப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் லண்டனில் நூலாக்கினார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்றது.

எனினும் திண்ணையின் ஒழுங்கிற்குப் பிரம்பும் கோதண்டமும் துணைநின்றன. பொருளறியா மனப்பாடமும் மிகுந்திருந்தது. ஆகவே ஈடுபாட்டையும் அச்சத்தால் விளைந்த அடக்கத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

ஆதாரக் கல்வி

தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தது. அங்கு 1934இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். 1937இல் வார்தா மாநாட்டில் உருப்பெற்ற ஆதாரக் கல்வியின் கொங்கு நாட்டுக் களங்களுள் இந்நிறுவனம் குறிப்பிடத்தக்கது. தக்ளியில் நூற்ற நூலை அளக்கும்போது கணக்கும், பருத்தி விளையும் கரிசல் மண்ணை அறியும்போது புவியியலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அக்கல்வியின் அடிப்படை. பருத்தி விளைச்சலும் ஆலைத் தொழிலும் செழித்த வட்டாரத்தில் இப்பாடம் மாணவரின் வீட்டு வாழ்வோடு இயல்பாகவே இணையக்கூடியது. திண்ணைப் பயிற்சியில் விடுபட்ட பொருளுணர்வு இங்குச் செயலோடு சேர்கிறது. ஆனால் மாணவர் நூற்ற நூலின் வருவாயால் பள்ளியை நடத்தலாம் என்ற எண்ணம், கல்வியைக் குழந்தை உழைப்பாக்கிவிடும் என்ற எதிர்ப்பையும் சந்தித்தது.

செயல்வழிக் கற்றல்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிவடைந்தபோது கொங்கு நாட்டுப் பள்ளிகளையும் அடைந்தது. ஆசிரியர் பாயில் மாணவரோடு அமர்ந்தார்; மாணவர் கற்றல் அட்டைகளைத் தாமே எடுத்து, தம் வேகத்தில் முன்னேறினர். பல நிலையினர் ஓரிடத்தில் பயிலும் திண்ணையின் அமைப்பு, பிரம்பின்றி மீண்டதை இங்குக் காணலாம். அட்டையை முடிப்பதே நோக்கமாகிவிடின், மனப்பாடத்தின் குறை வேறு வடிவில் திரும்பும்.

முடிவுரை

மூன்று காலகட்டங்களிலும் மாணவரின் கைக்கு வேலை இருந்தது. அச்சம் நீங்கியதும், செயலோடு பொருள் இணைந்ததும் பிற்கால வளர்ச்சிகள். வகுப்பறை ஈடுபாட்டை மதிப்பிடுவோர், ஆசிரியர் எவ்வாறு பேசினார் என்பதோடு, அவ்வேளையில் மாணவர் என்ன செய்தார், அதன் பொருளை உணர்ந்தாரா என்பதையும் ஆராய்தல் வேண்டும்.