லோட் பேலன்சர்: உறையும் கடிதமும்

2021 ஏப்ரல் 28 மாலை நான்கு மணிக்கு, பதினெட்டு வயது நிறைந்தோர்க்கான தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் நிமிடத்திற்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. எருத்தேன்பதியிலிருந்து தட்டியவர்க்கும் தில்லியிலிருந்து தட்டியவர்க்கும் வாசல் ஒன்றே. இத்தகைய நெரிசலைப் பல சேவையகங்களுக்குப் பிரித்தளிக்கும் கருவியே லோட் பேலன்சர்.

அதன் தொடக்கம் மிக எளியது. 1994 அளவில் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. மையம், தன் வலைத்தளத்தை ஒரே கணினி தாங்காதபோது, ஒரே பெயருக்குப் பல முகவரிகளை டி.என்.எஸ். வழியே முறைவைத்து வழங்கியது. இம்முறையில், பழுதான கணினியின் முகவரியும் வருவோர்க்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும்!

1990-களின் பிற்பாதியில் சிஸ்கோவின் லோக்கல் டைரக்டர், எஃப்5-இன் பிக்-ஐபி ஆகிய பெட்டிகள் சந்தைக்கு வந்தன. 1998-இல் சீனாவில் வென்சாங் ஜாங் தொடங்கிய எல்.வி.எஸ்., எவரும் இலவசமாக நிறுவத்தக்க மென்பொருள். இது நான்காம் அடுக்கில் இயங்குவது. ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் மட்டும் பார்க்கும். கடிதத்தைப் பிரிக்காமல் உறையைப் பார்த்தே அனுப்புவதால் வேகம் மிகுதி.

ஆனால் உறை ஏமாற்றவும் செய்யும். கைப்பேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அம்முகவரியைக் கொண்டே சேவையகத்தைத் தேர்ந்தால், அத்தனை பேரும் ஒன்றன் தலையில் விழுவர். ஏழாம் அடுக்கு இதற்கு விடை தந்தது. கோரிக்கையையே படித்து, குக்கியால் ஆளை அடையாளம் கண்டு, படம் கேட்பவரை ஒரு பக்கமும் பதிவு செய்பவரை மறுபக்கமும் அனுப்ப இயன்றது. வில்லி டாரோவின் ஹெச்ஏபிராக்சி, ஈகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் ஆகியவை இதைப் பரவலாக்கின. படிப்பதற்கு மறையாக்கத்தை அவிழ்த்தாக வேண்டும். அந்த இடத்தில் நம் ரகசியங்கள் திறந்து கிடக்கின்றன. இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

பெரிய தளங்கள் இரண்டையும் கைவிடவில்லை. கூகுள் 2008 முதல் பயன்படுத்தும் மாக்லெவ், உறை பார்ப்பதை முன்வரிசையில் நிறுத்தியது. கடிதம் படிப்பவை அதன் பின்னே நின்றன.

கோரிக்கைகளை எவ்வளவு பகிர்ந்தாலும் தடுப்பூசிக் குப்பிகள் கூடா. கைப்பேசியும் ஓ.டி.பி.யும் இல்லாதவர் எந்த அடுக்கின் கண்ணிலும் படுவதில்லை. 18 முதல் 44 வயதினர் அரசு மையங்களில் நேரில் பதிவு செய்ய 2021 மே 24 அன்றுதான் அனுமதி வந்தது.