துப்பாக்கிக் குழலில் எழுந்த ஸ்வரங்கள்: மைஹர் வாத்தியக்குழுவின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

சிம்பொனி இசைக்குழு என்றவுடன் நம் மாணவர்களின் நினைவில் வியன்னாவும் லண்டனும் எழுகின்றன. இந்தியா என்றால் மும்பையும் கொல்கத்தாவும். பெருநகரம், பொருளுதவும் செல்வந்தர், நுழைவுச்சீட்டு வாங்கி வந்தமரும் அவையோர் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில்தான் பல கருவிகள் இணைந்திசைக்கும் குழு நிலைபெறும் என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணத்திற்குள் அடங்காத ஒரு குழுவைப் பற்றி எழுத விரும்புகிறேன். இன்றைய மத்தியப் பிரதேசத்தில், பாகேல்கண்டுப் பகுதியில், சாரதா தேவியின் மலைக்கோயிலால் அறியப்படும் சிற்றூர் மைஹர். அங்கே தோன்றிய வாத்தியக்குழுவின் முதல் உறுப்பினர்கள், கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த குழந்தைகள்.

அரசவைகள் வாத்தியக்குழு வைத்திருப்பது நம் நாட்டில் புதிதன்று. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்திலேயே ஐரோப்பியப் பாணியிலான இசைக்குழு இருந்தது. மைசூர் அரண்மனையும் அத்தகைய குழுவைப் போற்றி வளர்த்தது. விழா, விருந்து, வரவேற்பு ஆகியவற்றுக்குப் பொலிவு சேர்ப்பதே அவற்றின் முதன்மையான பணி. மைஹரின் குழுவும் ஒரு மன்னரின் ஆதரவில் பிறந்ததுதான். ஆனால் அது பிறந்த காரணம் வேறு.

1918ஆம் ஆண்டு மைஹர் மன்னர் பிரிஜ்நாத் சிங்கின் அவைக்கு அலாவுதீன் கான் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில்தான் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் இந்தியாவைச் சூறையாடியது. நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மைஹரிலும் ஆதரவற்ற குழந்தைகள் மிகுந்தனர். அவர்களுள் சிலரைத் திரட்டி, அலாவுதீன் கானின் பொறுப்பில் விட்டு, இசை கற்பிக்க வழிவகுத்தார் மன்னர். உணவு, உறைவிடம், தொழில் மூன்றையும் ஒருங்கே தரும் ஏற்பாடாக அந்தக் குழு உருப்பெற்றது.

அலாவுதீன் கானின் வாழ்வை அறிந்தவர்க்கு இந்தத் தேர்வு வியப்பளிக்காது. இன்றைய வங்கதேசத்தின் பிராமன்பாரியா பகுதியில் பிறந்தவர் அவர். இளமையிலேயே இசை தேடி வீட்டை விட்டோடியவர். கொல்கத்தாவில் அன்னசத்திரத்துச் சோற்றில் பசியாறியவர். அந்நகரின் நாடகக் கொட்டகைகளில் வாத்தியக்குழுக்களோடு பழகிய காலத்தில் வயலின் முதலிய மேனாட்டுக் கருவிகளையும் கற்றார். பின்னர் ராம்பூரில், தான்சேன் மரபினராகப் போற்றப்பட்ட வசீர் கானிடம் மாணவராகச் சேர முயன்றபோது நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. இசையறிவு குடும்பச் சொத்தாகக் காக்கப்பட்ட காலம் அது. இன்னார் மகன் என்ற அடையாளமே நுழைவுரிமையாக இருந்தது. அந்த வாசலில் காத்து நின்ற ஒருவர், இன்னார் மகன் என்று சொல்லிக்கொள்ள எவருமில்லாத பிள்ளைகளுக்குத் தம் வாசலைத் திறந்தார் என்பதே இந்நிகழ்வின் வரலாற்றுப் பொருள்.

கற்பித்த முறையும் கருதத்தக்கது. ஐரோப்பிய சிம்பொனி எழுதப்பட்ட இசைக்குறிப்பின் மேல் நிற்பது. வெவ்வேறு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்துப் பொருந்துவது அதன் இலக்கணம். மைஹரில் அடித்தளம் ராகமே. சிதார், எஸ்ராஜ், வயலின், செல்லோ, ஹார்மோனியம், தபலா எனக் கருவிகள் பலவாயினும், அவை பின்பற்றியது ஒரே மெட்டை. மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்னும் பகுப்பும், கருவிக்குக் கருவி வேறுபடும் நாதமுமே செறிவைத் தந்தன. உருப்படிகளைச் செவிவழி கேட்டு மனனம் செய்தால் போதும். ஆகவே ஏட்டுக்கல்வி வாய்க்காத குழந்தையும் இக்குழுவில் இடம்பெற முடிந்தது.

இக்குழுவின் தனிச்சின்னம் 'நல்தரங்' என்னும் கருவி. அரண்மனையில் கிடந்த துப்பாக்கிகளின் இரும்புக் குழல்களை வெவ்வேறு நீளங்களில் வெட்டி, வரிசையாக அடுக்கி, குச்சிகளால் தட்டி இசைப்பது. குழல் குறுகக் குறுக ஸ்வரம் உயரும். ஜலதரங்கத்தை அறிந்தவர்கள் அதன் உறவை எளிதில் உணர்வர். முதல் உலகப் போர் முடிவுற்ற காலத்தில் துப்பாக்கிக் குழல்கள் இவ்வாறு உருமாறியதை இன்று எண்ணும்போது மனம் நெகிழ்கிறது. எனினும் இருப்பதைக் கொண்டு ஆக்கிக்கொண்ட ஒரு சிற்றரசின் சிக்கனமும் அதில் உண்டு என்பதை ஆய்வாளர்கள் மறக்கலாகாது.

ஆதரவற்றோர் இல்லமும் இசைக்கல்வியும் இணைவது உலக வரலாற்றில் தனித்த நிகழ்வன்று. இத்தாலிய மொழியில் இசைப்பள்ளியைக் குறிக்கும் 'கன்சர்வடோரியோ' என்ற சொல், நேப்பிள்ஸ் நகரில் முதலில் அனாதைக் குழந்தைகளைக் காத்த இல்லங்களின் பெயராக இருந்தது. வெனிஸில் விவால்டி 1703 முதல் பணிபுரிந்த 'பியத்தா', கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகமே. அங்கு வளர்ந்த பெண்களின் இசைக்குழு ஐரோப்பா முழுதும் புகழ்பெற்றது. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க இந்திய எடுத்துக்காட்டு மைஹர்.

இக்குழுவின் தாக்கம் ஊர் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. அலாவுதீன் கானிடம் சரோத் பயின்ற திமிர் பரன், சேர்ந்திசை என்னும் எண்ணத்தை உதய சங்கரின் நடனக்குழுவுக்கும், பின்னர் கொல்கத்தாத் திரைப்படங்களுக்கும் கொண்டுசென்றார். 1938இல் மைஹருக்கு வந்து குருகுலவாசம் செய்த ரவிசங்கர், 1952இல் அகில இந்திய வானொலி 'வாத்திய விருந்தா' என்னும் தேசியக் குழுவைத் தொடங்கியபோது அதன் இயக்குநர்களுள் ஒருவரானார். அவருடன் அப்பொறுப்பை ஏற்றவர் நம் டி.கே. ஜெயராம ஐயர்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. மைஹர் கரானாவின் வரலாற்றை நாம் எழுதும்போது அலி அக்பர் கான், அன்னபூர்ணா தேவி, ரவிசங்கர், பன்னாலால் கோஷ், நிகில் பானர்ஜி எனத் தனிக்கலைஞர்களின் பெயர்களையே கோக்கிறோம். அவர்கள் பெருங்கலைஞர்கள், ஐயமில்லை. ஆயினும் அதே ஆசிரியரிடம், அதே ஊரில் பயின்று, ஆயுள் முழுவதும் குழுவில் ஒருவராகவே அமர்ந்து வாசித்தவர்கள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. பிறப்பால் பரம்பரை இல்லாதிருந்தவர்களை, கற்ற பின்னும் பரம்பரைக்கு வெளியிலேயே நிறுத்துகிறது நம் எழுத்து. ஆசிரியர் திறந்த வாசலை வரலாற்றாசிரியர் மூடிவிடுகிறார்.

1948இல் மைஹர் விந்தியப் பிரதேசத்தோடு இணைந்தது. 1956இல் அது மத்தியப் பிரதேசமாயிற்று. மன்னரின் குழு காலப்போக்கில் அரசின் பொறுப்புக்கு வந்தது. அலாவுதீன் கான் 1972இல் மறைந்தார். இன்றும் அவர் பெயரால் மைஹரில் ஆண்டுதோறும் நடைபெறும் இசைவிழாவில் வாத்தியக்குழு வாசிக்கிறது. ஆனால் புகலிடமாகத் தொடங்கிய அமைப்பு இப்போது அரசுப் பணியிடமாகவும் பண்பாட்டுச் சின்னமாகவும் இருக்கிறது. சின்னத்தைக் காப்பது எளிது. ஓர் ஊரின் ஆதரவற்ற பிள்ளைக்கு அங்கே இடமிருந்தது என்னும் பழைய உள்ளடக்கத்தைக் காப்பது கடினம்.

இசை வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரானாக்களின் கொடிவழியை வரையும்போது, ஆசிரியரிடமிருந்து தனிக்கலைஞருக்குச் செல்லும் கோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். குழுவுக்குச் செல்லும் கோட்டையும் வரையுங்கள். சமஸ்தான ஆவணங்களில், சம்பளப் பதிவேடுகளில், வானொலி நிலையப் பட்டியல்களில் சேர்ந்திசைத்தோரைத் தேடுங்கள். மைஹரில் அந்தக் கோடு தொடங்குவது, தாயும் தந்தையும் இழந்து அரண்மனை வாயிலில் வந்து நின்ற குழந்தைகளிடமிருந்து.