காணாமல் போன காஸியும் நாகர்கோவில்காரர் விரித்த வலையும்

1971 டிசம்பர் 16, டாக்கா. பாகிஸ்தானின் ஜெனரல் நியாஸி மேஜையில் குனிந்து சரணடைதல் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். பக்கத்தில் ஜெனரல் அரோரா. இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் பின்னால் நிற்பவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரிலேயே டி.எஸ்.சி. பதக்கம் வாங்கியவர். 1971 போரின்போது விசாகப்பட்டினத்தில் இருந்த கிழக்குக் கடற்படைத் தலைமையகம் அவர் பொறுப்பில் இருந்தது. அந்தப் போரில் கிருஷ்ணன் ஒரு பொய்யைக் கடலில் வலையாக விரித்தார். அதைத் தேடி வந்த ஒரு நீர்மூழ்கிக் கப்பல் திரும்பிப் போகவே இல்லை. அதன் பெயர் காஸி.

காஸி என்றால் யார்?

அமெரிக்கா இரண்டாம் உலகப் போரின் கடைசியில் கட்டிய கப்பல் அது. 1944-ல் நீரில் இறக்கப்பட்டபோது பெயர் 'டயாப்லோ'. ஸ்பானிய மொழியில் பிசாசு என்று அர்த்தம்! 1964-ல் பாகிஸ்தான் இதைக் குத்தகைக்கு வாங்கி 'காஸி' என்று பெயர் மாற்றியது. நம் துணைக்கண்டத்துக்கு வந்த முதல் நீர்மூழ்கிக் கப்பல் அதுதான். 1965 போர் நடந்தபோது இந்தியாவிடம் ஒரு நீர்மூழ்கிகூடக் கிடையாது. நம் முதல் நீர்மூழ்கியான 'கல்வரி' 1967 டிசம்பரில்தான் சேர்ந்தது.

1971-ல் பாகிஸ்தானிடம் பிரான்ஸில் கட்டிய புதிய நீர்மூழ்கிகளும் இருந்தன. பிறகு ஏன் பழைய காஸியை அனுப்பினார்கள்? காரணம் எளிது. கராச்சியிலிருந்து கிளம்பி, இந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து, சண்டை போட்டுத் திரும்பும் தூரம் அதற்கு மட்டுமே எட்டும். புதிய கப்பல்கள் சின்னவை, அவ்வளவு தூரம் தாங்காது.

காஸிக்குக் கொடுத்த வேலை இரண்டு. ஒன்று, இந்தியாவின் ஒரே விமானம் தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்'தைக் கண்டுபிடித்து மூழ்கடிப்பது. இரண்டு, கிழக்குக் கரையில் கண்ணிவெடி வைப்பது.

1971 நவம்பர் 14 அன்று தளபதி ஜாஃபர் முகமது கான் தலைமையில், தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஆட்களோடு காஸி கராச்சியை விட்டது. அடுத்த ஒரு வாரத்துக்குள் இலங்கையைச் சுற்றிப் போய்விட்டது. அப்படியானால் அது குமரிமுனைக்குத் தெற்கே இருந்த கடல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். விவேகானந்தர் பாறை மண்டபம் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கோ, கட்டுமரத்தில் போன மீனவர்களுக்கோ தூரத்தில் ஒரு போர்க்கப்பல் தண்ணீருக்கடியில் கடந்து போவது தெரிந்திருக்க நியாயமில்லை.

வலை விரித்த கதை

விக்ராந்தின் நிலைமை அப்போது நன்றாக இல்லை. நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. விமானம் தாங்கிக் கப்பலுக்கு வேகம் குறைந்தால், நீர்மூழ்கிக்கு அது உட்கார்ந்திருக்கும் வாத்துதான்.

இதற்கிடையே ஒரு துப்பு கிடைத்தது. ஒருவகை மசகு எண்ணெய் சிட்டகாங்கில் கிடைக்குமா என்று கேட்ட பாகிஸ்தான் கடற்படைச் செய்தி ஒன்றை இந்தியா ஒட்டுக்கேட்டது. அந்த எண்ணெய் நீர்மூழ்கிகளுக்கும் கண்ணிவாரிக் கப்பல்களுக்கும் மட்டுமே பயன்படும். பாகிஸ்தானிடம் இருந்த நீர்மூழ்கிகளில் வங்காள விரிகுடாவுக்கு வரக்கூடியது எது? காஸி ஒன்றுதான். ஒரு டப்பா எண்ணெய் காட்டிக் கொடுத்துவிட்டது!

கிருஷ்ணன் முதலில் விக்ராந்தை மதராஸிலிருந்து அந்தமான் பக்கம் அனுப்பி ஒளித்து வைத்தார். அடுத்ததாக, அது இன்னும் விசாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கிறது என்று எதிரியை நம்ப வைக்க வேண்டும். அதற்கு 'ராஜ்புத்' என்ற கிழட்டுக் கப்பலை எடுத்தார். அதுவும் இரண்டாம் உலகப் போர்க்காலத்து நாசகாரிக் கப்பல், ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தது. அதைச் சுமார் 160 கடல் மைல் தள்ளி அனுப்பி, பெரிய கப்பல் பேசுவது போல ஓயாமல் வயர்லெஸ்ஸில் பேசச் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. விசாகப்பட்டினத்துக் காய்கறி, இறைச்சி ஒப்பந்தக்காரர்களிடம் ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவுக்குச் சாமான் கேட்கப்பட்டது. சந்தையில் இந்தப் பேச்சு பரவும், பரவினால் ஒற்றர் காதுக்கும் போகும் என்பது கணக்கு. (வியாபாரம் படிக்கிறவர்கள் கவனிக்க: ஒரு கொள்முதல் ஆர்டர்கூடப் போர் ஆயுதம்தான்!) இன்னொரு தந்திரம் இதைவிடச் சுவாரசியம். விக்ராந்தில் வேலை பார்க்கும் ஒரு சிப்பாய், உடல்நலம் மோசமாக இருக்கும் தன் தாயைப் பற்றி விசாரிப்பது போல ஒரு சாதாரணத் தந்தி, ரகசியக் குறியீடு இல்லாமல் அனுப்பப்பட்டது.

பாகிஸ்தான் இதை நம்பியது. நவம்பர் 23 வாக்கில் காஸி மதராஸுக்கு வெளியே விக்ராந்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஆனால் விக்ராந்த் மதராஸை விட்டு ஏறக்குறைய பத்து நாள் ஆகியிருந்தது. விமானம் தாங்கிக் கப்பல் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது என்று கராச்சியிலிருந்து செய்தி போனது. காஸி வடக்கே திரும்பியது.

டிசம்பர் 3 நள்ளிரவு

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே இந்திய விமானத் தளங்களைத் தாக்கின. போர் தொடங்கிவிட்டது. பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் பேசப் போகிறார் என்று நாடே காத்திருந்தது.

அந்த நள்ளிரவுக்குச் சற்று முன்பு, ராஜ்புத் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில் விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. தண்ணீரில் ஓர் இடத்தில் சுழல் போல ஏதோ கலங்குவது தெரிந்தது. சந்தேகப்பட்டு அந்த இடத்தில் இரண்டு ஆழ்கடல் குண்டுகளைப் போட்டுவிட்டு நகர்ந்தது. சில நிமிடங்களில் மிகப்பெரிய வெடிச்சத்தம் கேட்டது. கரையில் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. பூகம்பம் என்று நினைத்தவர்களும் உண்டு.

விடிந்ததும் பதில் கொண்டு வந்தவர்கள் மீனவர்கள். கடலில் எண்ணெய் மிதக்கிறது, பொருட்கள் மிதக்கின்றன என்று வந்து சொன்னார்கள். மிதவை உடுப்பும் கிடைத்தது. கடற்படை முக்குளிப்போர் இறங்கிப் பார்த்தார்கள். துறைமுக வாசலுக்கு வெகு அருகில், மூக்குப் பகுதி சிதைந்த நிலையில் ஒரு நீர்மூழ்கி கிடந்தது. உள்ளே இருந்தவர்களில் யாரும் பிழைக்கவில்லை. சில உடல்கள் மட்டுமே வெளியே எடுக்கப்பட்டன. மற்றவர்களுக்கு அந்தக் கப்பலே கல்லறை.

வெடித்தது எப்படி?

இங்கேதான் ஐம்பது வருடத்துக்கும் மேலாகச் சண்டை.

இந்தியத் தரப்பு, ராஜ்புத் போட்ட குண்டுதான் காரணம் என்றது. கிருஷ்ணன் 1980-ல் வெளியான தன் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதினார். பாகிஸ்தான் தரப்போ, காஸி தான் வைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியிருக்கும் அல்லது உள்ளேயே ஏதாவது வெடித்திருக்கும் என்கிறது. மூன்றாவதாக ஒரு விளக்கமும் உண்டு. நீர்மூழ்கியின் மின்கலங்களைச் சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். அது உள்ளே தேங்கினால் ஒரு பொறி போதும்.

ராஜ்புத்தின் குண்டுக்கும் பெரிய வெடிப்புக்கும் இடையே சில நிமிட இடைவெளி இருந்தது. குண்டுக்குப் பயந்து காஸி அவசரமாக நகர்ந்து தன் கண்ணியிலேயே மோதியதா என்று கேட்பவர்களும் உண்டு. இந்தச் சம்பவம் பற்றிய இந்தியக் கடற்படைக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-ல் செய்தி வந்தபோது விவாதம் இன்னும் சூடானது. எது எப்படியோ, இரண்டு விஷயத்தில் சந்தேகம் இல்லை. காஸி அந்த இடத்துக்கு வந்தது கிருஷ்ணனின் பொய்யை நம்பி. அது போனதால் விக்ராந்த் பயமில்லாமல் கிழக்கு வங்கத்தை நெருங்கியது. டிசம்பர் 4 அன்றே அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

மறுகரையில் காத்திருந்தவர்கள்

வெற்றிக் கதை இத்தோடு முடிந்துவிடும். ஆனால் கராச்சியில் அது முடியவில்லை. நவம்பர் 26-ல் வர வேண்டிய செய்தி காஸியிடமிருந்து வரவில்லை. அதன் பிறகும் மௌனம். நீர்மூழ்கி பேசாமல் இருப்பது இயல்புதான், பேசினால் இடம் தெரிந்துவிடும். அதனால் மௌனத்துக்கு "ஒளிந்திருக்கிறது" என்றும் அர்த்தம், "போய்விட்டது" என்றும் அர்த்தம். டிசம்பர் 9 அன்றுதான் காஸி மூழ்கியதை இந்தியா அறிவித்தது.

அதே டிசம்பர் 9 இரவு டையூ அருகே பாகிஸ்தானின் 'ஹாங்கோர்' நீர்மூழ்கி நம் 'குக்ரி' கப்பலை மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 194 பேர் கப்பலோடு போனார்கள். அன்று அழுகை இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

உப்புத் தண்ணீருக்குள் சாதாரண வானொலி அலை போகாது. மிகக் குறைந்த அதிர்வெண் அலைதான் சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். அதற்காகத்தான் நமக்குப் பக்கத்திலேயே, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-ல் 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்' நிலையம் தொடங்கப்பட்டது. ஆனால் அதுவும் ஒருவழிப் பாதை. கரை பேசினால் கப்பல் கேட்கும், ஆழத்தில் இருந்தபடி அதே வழியில் பதில் சொல்ல முடியாது.

தேடுவது என்றால் என்ன?

2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் 'சான் ஹுவான்' நீர்மூழ்கி 44 பேரோடு காணாமல் போனது. பல நாடுகள் தேடின. இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 30 அன்று, உயிரோடு மீட்கும் முயற்சியைக் கைவிடுவதாக அந்நாட்டுக் கடற்படை அறிவித்தது. குடும்பங்கள் விடவில்லை, வீதிக்கு வந்தார்கள். கடைசியில் ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப்பட்டது. கண்டுபிடித்தால் 75 லட்சம் டாலர், இல்லாவிட்டால் ஒரு காசும் கிடையாது. ஒரு வருடம் முடிந்த மறுநாள், 907 மீட்டர் ஆழத்தில் கப்பல் கிடைத்தது.

அந்த நவம்பர் 30 எந்த நாள் என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒக்கி! தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். மீனவர்கள் தாங்களே படகெடுத்துத் தேடப் போனார்கள்.

உடல் கிடைக்காவிட்டால் துக்கம் மட்டுமல்ல பிரச்சினை. ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது 1872-ன் சாட்சியச் சட்டம். இன்றைய புதிய சட்டத்திலும் அதே ஏழு ஆண்டுதான். அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் காப்பீடு, வங்கிக் கணக்கு, வாரிசுரிமை எதுவும் நகராது. கடன் மட்டும் வட்டியோடு நகரும். ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு ஏழு ஆண்டு காத்திருக்காமல் நிவாரணம் தர அரசு பின்பு வழி செய்தது. கண்டுபிடித்துத் தருவதற்கு அடுத்தபடியாகச் செய்யக்கூடியது அதுதான்.

காஸியில் ஒரு திருப்பமும் உண்டு. மூழ்கிய நீர்மூழ்கிகளிலிருந்து ஆட்களை மீட்கும் வாகனத்தை இந்தியக் கடற்படை 2018-ல் பெற்றது. 2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் 'நங்காலா' 53 பேரோடு காணாமல் போனபோது, அந்த வாகனம் விசாகப்பட்டினத்திலிருந்துதான் உதவிக்குக் கிளம்பியது. காப்பாற்ற யாரும் மிஞ்சவில்லை, 838 மீட்டர் ஆழத்தில் அது உடைந்து கிடந்தது. 2024-ல் அதே வகை வாகனம் காஸி கிடக்கும் இடத்தையும் அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தது. இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடவில்லை என்றார்கள்.

ஒரு காலத்தில் எதிரி நீர்மூழ்கிக்கு வலை விரித்த துறைமுகம், இன்று எந்த நாட்டு நீர்மூழ்கி காணாமல் போனாலும் கயிறு வீசக் காத்திருக்கிறது. கிருஷ்ணனின் சாமர்த்தியத்தை நாஞ்சில் நாடு தாராளமாகக் கொண்டாடலாம். கூடவே, கடலுக்குப் போனவன் எந்தக் கொடியின் கீழ் போனாலும் அவனைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் "இல்லை" என்று சொல்ல வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கடற்கரைக்காரர்களுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் அல்ல.