உமிக்கரிக் காலத்துக் கை

மறதி நோய் வந்த ஒருவருக்குப் பல் தேய்த்துவிடுவதற்கு முன், அவர் எந்த வருடம் பிறந்தார், எந்த ஊரில் வளர்ந்தார் என்று விசாரிக்க வேண்டும். என் அம்மா 1939-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். டூத் பிரஷ் அவளிடம் வந்து சேர்ந்தபோது நாற்பது வயது தாண்டிவிட்டது. இப்போது அதைப் பார்த்தால் என்னவென்றே தெரிவதில்லை. வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பல் தேய்ப்பது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான ஆசாரக்கோவை, விடிந்ததும் குச்சியால் பல் துலக்கி, கண் கழுவி, அதன் பிறகு தெய்வத்தைத் தொழச் சொல்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் படித்த சீனத் துறவி இ-சிங், இந்தியர்களின் பல்குச்சிக்கு அளவே எழுதிவைத்திருக்கிறார்: நீளமென்றால் 12 விரல், குட்டையென்றாலும் 8 விரலுக்குக் குறையக்கூடாது. ஒரு நுனியை மென்று தேய்த்துவிட்டு, அதே குச்சியை ஒடித்து வளைத்து நாக்கு வழிப்பதையும் குறித்திருக்கிறார். என் அப்பாவும் வேப்பங்குச்சியில் அப்படித்தான் செய்வார், கொல்லை அதிரக் காறிக்கொண்டு.

குச்சியோடு தெருவரை போய் வருவது ஆண்களுக்குத்தான் வசதி. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு உமிக்கரி. நெல் விளையும் ஊரில் உமிக்கு என்ன பஞ்சம்? அம்மா அதைக் கொல்லையில் குவித்து நெருப்பு வைப்பாள். குவியல் முழுக்கக் கறுத்ததும் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் வெளுத்துச் சாம்பலாகிவிடும், பாத்திரம் தேய்க்கத்தான் ஆகும். ஆறிய கரியை உப்போடு இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, கொட்டாங்கச்சியில் போட்டுக் கிணற்றடி மாடத்தில் வைப்பாள். வாங்கும் பொடியில் கல் இருக்கும் என்பது அவள் கட்சி. மளிகைக் கடைக்காரர் மனைவி இப்படிச் சொன்னால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று அப்பா கேட்பார்.

அப்பா கடையில் பொட்டலப் பல்பொடி நன்றாகவே விற்றது. மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் பி.வி.பண்டிட் 1913-இல் தொடங்கிய சத்வைத்தியசாலையின் நஞ்சன்கூடு பல்பொடி இருந்தது. ரோஜா நிறத்துக் கோபால் பல்பொடி இருந்தது. இலங்கை வானொலியில் அதன் விளம்பரம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். கோல்கேட் கம்பெனி இந்தியாவில் 1937-லேயே பதிவானது என்றாலும், எங்கள் அலமாரிக்கு அதன் பொடி டப்பாதான் முதலில் வந்தது, பேஸ்ட் பிறகுதான். அந்தப் பொடி இனிக்கும். தேய்ப்பதைவிட நாங்கள் தின்றது அதிகம்.

இத்தனை மாறியும் கை மாறவில்லை. கரியானாலும் பொடியானாலும் இடது உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலில் தொட்டுத் தேய்ப்பதுதான். பிரஷ் வந்துதான் அதை மாற்றியது. விரலின் இடத்தில் பிளாஸ்டிக் காம்பு வந்தது, கிணற்றடியின் இடத்தில் சுவரோடு நிற்கும் வாஷ்பேசின் வந்தது. ஆனால் பெயரும் தேதியும் போன பிறகும், சின்ன வயதில் செய்து செய்து பழகிய வேலை கையில் நெடுநாள் தங்கும் என்கிறார்கள் மறதி நோய் மருத்துவர்கள். அம்மாவிடம் நான் பார்ப்பதும் அதைத்தான்.

அதனால் காலையில் வாஷ்பேசின் பக்கம் போவதில்லை. பின்கட்டில் முக்காலி போட்டு உட்காரவைத்து, எதிரே அவள் கண்ணுக்கு நேராக நானும் உட்காருவேன். பக்கத்தில் பித்தளைச் செம்பு. அவள் இடது உள்ளங்கையில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தால் போதும், வலது விரல் தானாக எழுந்து வரும். "உப்பு போட்டியா?" என்று கேட்பாள். "போட்டாச்சும்மா" என்பேன். அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, நுனி சிறிதான மெத்தென்ற பிரஷை அந்தக் கையில் கொடுத்து, மேலே என் கையை வைத்துக்கொள்வேன். கடைவாய் அப்படித்தான் சுத்தமாகிறது. முரண்டு பிடித்தால் விட்டுவிட்டுக் காபிக்குப் பிறகு மறுபடி வருவேன். குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சினால் அவளுக்குக் கோபம்தான் வருகிறது.

அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் ரீட்டா ஜப்லோன்ஸ்கி இதையே முறையாக எழுதியிருக்கிறார். மறதி நோயாளி பிரஷைத் தட்டிவிடுவது பிடிவாதத்தால் அல்ல, அதைத் தாக்குதலாக நினைத்துப் பயப்படுவதால்தான் என்பது அவர் வாதம். நிமிர்ந்து நின்று மேலிருந்து கை நீட்டாதே, நோயாளியின் கையிலும் ஒரு பிரஷைக் கொடு, குழந்தைப் பேச்சு பேசாதே என்பவை அவர் தரும் யோசனைகளில் சில.

வயதான காலத்தில் பல் எப்படிப் போனால் என்ன என்று கேட்கும் உறவினர்கள் எனக்கும் உண்டு. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் யோனேயாமா குழுவினர் 2 ஆண்டு பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வாய் சுத்தம் செய்துவிடப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. செய்யப்படாதவர்களில் 19 சதவீதம். வாயில் தங்கும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குகிறது. ஆகவே இது பல் சமாச்சாரம் மட்டுமல்ல.

பழைய பொடிக்கே திரும்பச் சொல்லவில்லை. உமிக்கரி எனாமலைத் தேய்க்கும். விழுங்கத் தடுமாறுபவர் வாயில் உலர்ந்த பொடி புரையேறும். துப்ப மறந்துவிட்டவருக்குப் பேஸ்ட்டைப் பிரஷில் தடவினால் போதும், தலையை முன்னால் சாய்த்து ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று சாப்பிட்டதும் பார்க்க வேண்டும். திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கினாலோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டாலோ பல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். வலிக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு வராது. பழைய காலத்திலிருந்து கடன் வாங்க வேண்டியது அந்தக் கையசைவை மட்டும்தான்.

2023-இல் வெளியான கணக்கீடு ஒன்றின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்த சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. குச்சி, உமிக்கரி, செங்கல் பொடி, பொட்டலப் பொடி, பேஸ்ட் என்று ஒவ்வொருவரின் கையும் ஒவ்வொன்றில் பழகியிருக்கும். முதியோர் இல்லங்களின் சேர்க்கைப் படிவத்தில் சைவமா அசைவமா என்று கேட்கிறார்கள். சின்ன வயதில் எதில் பல் தேய்த்தீர்கள், எங்கே உட்கார்ந்து தேய்த்தீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுக்கு நினைவு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.