அருவியாற்றின் படங்களில் நாம் எங்கே?



இப்போது நம் பிள்ளைகள் பலர் கெமராவோடும் கைத்தொலைபேசியோடும் அருவியாற்றங்கரைக்குப் போகிறார்கள். மருத மரத்தில் இருக்கும் கழுகு, மணலில் வெயில் காயும் முதலை, தண்ணீருக்கு வரும் யானைக் கூட்டம் எல்லாம் முகநூலில் வருகின்றன. பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. இந்த ஆற்றையும் அதன் உயிர்களையும் நமக்கு முன் யார் யார் பதிவு செய்தார்கள், அந்தப் பதிவுகளில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

சிங்களத்தில் மல்வத்து ஓயா, நமக்கு அருவியாறு. ரிட்டிகல மலைப் பக்கம் தொடங்கி, அநுராதபுரம் வழியாக 164 கிலோமீற்றர் ஓடி, அரிப்புக்கு அருகே கடலில் சேர்கிறது. தேக்கம் அணையில் மறிக்கப்படும் இதன் தண்ணீர்தான் கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகிறது. ஆற்றுக்குத் தெற்கே நமது முசலி. அதற்கும் தெற்கே மோதரகம் ஆறு. அதைக் கடந்தால் வில்பத்து.

இந்த ஆற்றைப் பற்றி எழுதிய வெளிநாட்டவர்களில் மிகவும் அறியப்பட்டவர் ரொபர்ட் நொக்ஸ். 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருடங்கள் கைதியாக இருந்த ஆங்கிலேயர். 1679 இல் ஒரு தோழரோடு தப்பியபோது அவருக்கு வழிகாட்டியது இந்த ஆறுதான். அநுராதபுரத்திலிருந்து ஆற்றின் போக்கிலேயே நடந்து, ஒக்டோபர் 18 ஆம் திகதி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். வழியில் கண்ட காட்டையும், கரையோரம் கிடந்த செதுக்கிய கற்றூண்களையும் பற்றி 1681 இல் லண்டனில் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். அந்தக் கற்றூண்களைக் கவனியுங்கள். நொக்ஸ் காடாகப் பார்த்த இடம் அதற்கு முன்பே மனிதர் வாழ்ந்து விட்டுப்போன இடம். இந்தக் கதை நமக்குப் பின்னால் தேவைப்படும்.

நொக்ஸுக்குப் பிறகு ஓவியர்களின் காலம். 1752 முதல் 1757 வரை ஒல்லாந்து ஆளுநராக இருந்த லோட்டன், டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு இலங்கையின் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். நம் வளவுப் பூக்களில் தேன் குடிக்கும் கருநீலத் தேன்சிட்டு ஒன்றுக்கு அந்த ஆளுநரின் பெயரே இன்றும் இருக்கிறது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், இங்கே இராணுவ அதிகாரியாக இருந்த லெக் என்பவர் இலங்கைப் பறவைகள் பற்றிய பெரிய நூலை 1878 முதல் 1880 வரை வெளியிட்டார். அதன் வண்ணப் படங்களை வரைந்தவர் கியூலமன்ஸ். அழகான படங்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பறவையைச் சரியாக வரைய வேண்டுமென்றால் முதலில் அதைச் சுட வேண்டும். தோலை உரித்துப் பஞ்சு அடைத்துத்தான் வரைவார்கள்.

இந்தப் பழக்கத்தை மாற்றியது கெமரா. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1890களில் பறவைக் கூடுகளை நேரடியாகக் காட்டிலேயே படமெடுத்துப் புத்தகமாக்கினார்கள். கொல்லாமலும் ஒரு பறவையை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று உலகம் தெரிந்துகொண்டது. நபி (ஸல்) அவர்களின் பயணத்தில், தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்தபோது, தாய்ப்பறவையின் தவிப்பைக் கண்டு குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்ன செய்தி நமக்குத் தெரியும். ஓர் உயிரைப் பார்த்து ரசிப்பதற்கு அதைத் தொட வேண்டியதில்லை என்ற பாடம் நமக்குப் புதிதல்ல.

நம் கரைக்கு கெமரா வந்தது விலங்குகளுக்காக அல்ல, முத்துக்காக. 1900களின் தொடக்கத்தில் மறிச்சுக்கட்டி மணலில் முத்துக்குளிப்பு முகாம் எழுந்தது. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்ஃப் 1906 இல் அங்கே அரச உத்தியோகத்தராகக் கடமையாற்றினார். அந்த முகாம்களின் படங்கள் அக்காலப் புத்தகங்களில் இருக்கின்றன. குளிகாரர், தோணிகள், சிப்பிக் குவியல்கள், கூட்டம். மனிதர்கள் நிறைந்த படங்கள்.

அதற்குப் பிறகு படங்களில் மனிதர் குறைகிறார்கள். 1937 இல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938 இல் வில்பத்து தேசியப் பூங்காவாகியது. மோதரகம் ஆறு அதன் வட எல்லையானது. சிறுத்தை, கரடி, மரை என்று வில்பத்துப் படங்கள் உலகம் முழுவதும் போயின. அந்தப் படங்களுக்கு ஓர் எழுதாத விதி உண்டு: சட்டத்துக்குள் மனிதன் வரக்கூடாது, மாட்டுப் பட்டி வரக்கூடாது, கிணற்றுக் கட்டு வரக்கூடாது. படம் எடுப்பவருக்கு அது ரசனை. ஆனால் பார்ப்பவர் மனதில், இங்கே எப்போதுமே மனிதர் இருந்ததில்லை என்ற எண்ணம் மெல்ல மெல்லப் பதிந்துவிடுகிறது.

நம் ஊர்ப் பெயர்களோ வேறு கதை சொல்கின்றன. கரடிக்குளி, பாலைக்குழி, வேப்பங்குளம், முள்ளிக்குளம். கரடியோடும் பாலையோடும் வேம்போடும் சேர்ந்து வாழ்ந்தவர்கள்தான் இப்படிப் பெயர் வைப்பார்கள். காட்டையும் ஊரையும் சேர்த்துக் காட்டும் படங்களும் உண்டு. 1956 இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு இலங்கை வானிலிருந்து படமெடுக்கப்பட்டது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடங்களும் இருக்கின்றன. ஊர், குளம், வயல், காடு எது எங்கே இருந்தது என்பதற்கு இவற்றை விட நடுநிலையான சாட்சி குறைவு.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். கையில் எடுத்துப்போக விட்டது மிகச் சொற்பம். காணி உறுதியே தவறிய நேரத்தில் படப் புத்தகத்தை யார் தேடினார்கள்? வாப்பாமார் வயலில் நின்ற படம், கலியாணப் படம், பள்ளிக்கூடப் படம் எல்லாம் வீட்டோடு போயின. ஒரு தலைமுறை புத்தளத்தில் பிறந்து, இந்த ஆற்றைக் காணாமலே வளர்ந்தது.

ஆளில்லாத ஊரில் காடு வளர்ந்தது. அது இயற்கை, காட்டின் குற்றமல்ல. யுத்தம் முடிந்து, நாம் முழுமையாகத் திரும்பி முடியாத நேரத்தில், 2012 இல் வர்த்தமானி மூலம் நம் கிராமங்களை ஒட்டிய நிலங்கள் வன ஒதுக்குகளாகின. 2017 மார்ச்சில் மாவில்லுப் பேணற்காடு அறிவிக்கப்பட்டது. இடையில், வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்று தொலைக்காட்சிகளிலும் முகநூலிலும் படங்கள் ஓடின. வெட்டிய மரமும் புல்டோசரும் அந்தப் படங்களில் இருந்தன. புதருக்குள் கிடந்த பழைய கிணறும், இடிந்த பள்ளிவாசல் சுவரும், வளவு எல்லையில் நின்ற புளியமரமும் இருக்கவில்லை. நொக்ஸ் கண்ட கற்றூண்கள் மாதிரி, அவைதான் அங்கே மனிதர் வாழ்ந்ததற்கான அடையாளம்.

இதனால் காட்டுக்கு எதிராக நிற்க வேண்டும் என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். காடும் ஆறும் இல்லாமல் முசலியில் விவசாயமும் இல்லை, கால்நடையும் இல்லை. ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள வங்காலை சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது. வடதுருவப் பக்கத்திலிருந்து வரும் வாத்துகளும், பூநாரைகளும் நம் அயலவர்கள். அவற்றைப் பாதுகாப்பதில் நாம் முன்னுக்கு நிற்க வேண்டும். நம் காணி உரிமையைப் பேசும் வாய்க்கு அப்போதுதான் மதிப்பு வரும்.

அதனால் படமெடுக்கும் பிள்ளைகளுக்குச் சில வேண்டுகோள்கள்.

ஒன்று, ஒவ்வொரு படத்துக்கும் திகதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். அது இல்லாத படம் வெறும் அழகு. அது இருந்தால் ஆவணம்.

இரண்டு, கூடு, குட்டி, சிறுத்தை நடமாடும் இடம் இவற்றின் சரியான இடத்தை முகநூலில் போடாதீர்கள். உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்காரரும் முகநூல் பார்க்கிறார்கள்.

மூன்று, பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிந்து பறவையை எழுப்பாதீர்கள். யானைக்கு முன்னால் நின்று செல்பி எடுக்காதீர்கள். பூங்கா எல்லைக்குள் அனுமதியில்லாமல் போகவும் வேண்டாம், ட்ரோன் விடவும் வேண்டாம்.

நான்கு, பறவையை எடுத்த கையோடு கிணற்றையும் எடுங்கள். இடிந்த சுவர், பழைய குளக்கட்டு, கரையில் மாடு மேய்க்கும் பெரியவர், அவர் சொல்லும் மரத்தின் பெயர், பறவையின் பெயர் எல்லாவற்றையும் பதியுங்கள். நம் மூத்தம்மாமார் பறவைகளுக்குச் சொன்ன பெயர்கள் புத்தகங்களில் இல்லை. அவர்கள் மௌத்தானால் அந்தப் பெயர்களும் போய்விடும்.

நொக்ஸ், லோட்டன், லெக், வூல்ஃப் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் விட்டுச்சென்றதற்கு நன்றி சொல்வோம். ஆனால் கரடிக்குளியில் கரடியும் இருந்தது, குடியும் இருந்தது என்பதைச் சேர்த்துக் காட்டும் படத்தை, இந்த மண்ணில் இருக்கும் நாம்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் 1990 க்கு முந்திய படம் ஒன்றாவது தப்பியிருந்தால், ஆறோ, குளமோ, வயலோ பின்னால் தெரிந்தால், கொமண்டில் போடுங்கள். யார், எங்கே, எந்த வருடம் என்றும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்போம்.