எந்தக் கணக்கில் சேரும் அந்த ஆண்டுகள்?

முத்துக்குளித்துறை என்று பேர்பெற்ற தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 2000-ல். அதுவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்ததுதான் கல்லூரி மருத்துவமனையானது. துறைமுகத் தொழிலாளியும் உப்பளத் தொழிலாளியும் படுத்த கட்டில்கள் மாறவில்லை, மாறியது நிர்வாகம். 1966 முதலே தமிழகத்தில் கல்லூரிகளைப் பார்க்கும் மருத்துவக் கல்வி இயக்ககம் தனி, மாவட்ட மருத்துவமனைகளைப் பார்க்கும் மருத்துவப் பணிகள் இயக்ககம் தனி. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1998-ஆம் ஆண்டு விதிகளோ, பேராசிரியர் பதவி ஏறக் கல்லூரியில் கற்பித்த ஆண்டுகளையே கேட்டன. மருத்துவக் கல்லூரி ஆசிரியர் நியமன வழக்குகளின் வேர் இங்கேதான் என்பேன்: அவை திறமையைப் பற்றியவை அல்ல, எந்த ஆண்டுகள் கணக்கில் சேரும் என்பதைப் பற்றியவை.

சிகிச்சை வேறு, கற்பித்தல் வேறு என்பது நியாயமான மறுப்பே. முதுநிலை மாணவர் சேர்க்கையின் தரத்தை மாநிலங்கள் தாழ்த்தக்கூடாது என்று பிரீதி ஸ்ரீவஸ்தவா வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் மருத்துவக் கல்வியின் தரம் குறித்த கவலையால்தான். ஆனால் 2020-ல் தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்க வழக்கில், அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களை ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றது அரசியல் சாசன அமர்வு. அதுவும் மாணவர் சேர்க்கை பற்றியதே. ஆசிரியர் நியமனத்துக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் அரசுப் பணிக்கு எடை உண்டு என்ற எண்ணம் அதில் வலுப்பெற்றது. 2025-ல், மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையமே இறங்கிவந்தது: முதுநிலைப் பட்டத்தோடு, 220 படுக்கைக்கு மேற்பட்ட அரசு மருத்துவமனையில் பத்தாண்டு பணியாற்றிய சிறப்பு மருத்துவர் இணைப் பேராசிரியராகலாம். கற்பிக்கும் பயிற்சியைத் தனியே கேட்கட்டும், தவறில்லை. கட்டிலருகே கழிந்த ஆண்டுகளைச் சுழியமாக்கியதற்குத்தான் காரணம் இருக்கவில்லை.