கண்டியின் பழம் படங்களும் அவற்றைத் தாங்கிய தாள்களும்

கல்வெட்டை ஆராய்பவர் எழுத்தை நோக்குவதோடு, அது பொறிக்கப்பெற்ற கல்லின் இயல்பையும் நோக்குவர். ஏட்டுச் சுவடியைப் படிப்பவர் ஓலையின் பழமையையும் கருதுவர். பழைய புகைப்படத்தைச் சான்றாகக் கொள்பவரோ, அது எத்தகைய தாளில் அச்சிடப்பட்டது என்று பெரும்பாலும் வினவுவதில்லை. இவ்வினா எத்துணை இன்றியமையாதது என்பதைக் கண்டியிற் பிறந்த புகைப்படங்கள் நன்கு விளக்கும்.

இலங்கையைப் படம் பிடித்த முன்னோடிகளுள் ஒருவரான பிரெடெரிக் பீபிக் 1852ஆம் ஆண்டில் கையாண்டது உப்புத் தாளாகும். உப்புக் கரைசலில் தோய்த்த தாளுக்கு வெள்ளி நைத்திரேற்றுப் பூசி, அதனை எதிர்ப்படத்தின்கீழ் வைத்து வெயிலிற் காட்டுவர். உருவம் தாளின் நார்களுக்குள்ளேயே படிவதால் நுண்ணிய கோடுகள் சற்று மழுங்கும். ஆயினும் பளபளப்பற்ற அத்தாள் வர்ணத்தை எளிதில் ஏற்கும். பீபிக்கின் இலங்கைப் படங்கள் கையால் வர்ணந் தீட்டப்பெற்றவை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பிரெஞ்சு நாட்டவரான பிளாங்கார் எவ்ரார் 1850இல் வெளியிட்ட முட்டை வெண்கருத் தாள், உப்புத் தாளின் குறையைப் போக்கிற்று. வெண்கருப் படலம் உருவத்தைத் தாளின் மேற்பரப்பிலேயே நிறுத்தியதால் நுண்மை மிகுந்தது. 1860களிற் கண்டியிலே தொழில் நடத்திய ஜோசப் லோட்டன், 1870-71இல் அரசாங்கத்தின் தொல்பொருட் குழுவுக்காக அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் பதிவு செய்தார். 1870களின் நடுப்பகுதியிற் கண்டியிலே படநிலையம் நிறுவிய சாள்ஸ் ஸ்கோவன், பேராதனைப் பூந்தோட்டத்து மரங்களையும் இலைகளையும் படமாக்கினார். கற்சிற்பத்தின் செதுக்கலையும் இலையின் நரம்பையும் காட்டுவதற்கு வெண்கருத் தாள் பெரிதும் ஏற்றதாயிற்று.

அத்தாளுக்கும் அக்காலத்துக் கண்ணாடி எதிர்ப்படத்துக்கும் நெருங்கிய பொருத்தம் உண்டு. கொலோடியன் பூசிய தகட்டில் ஒளிக்கும் நிழலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மிகுதி. வெண்கருத் தாளோ வெயிலில் நேரடியாகக் கறுப்பது. முதலிற் கறுத்த பகுதி தன்னடியில் உள்ள வெள்ளியுப்பை மறைப்பதால், நிழற்பகுதி மேலும் கறுப்பது தணியும். அதற்குள் வெளிச்சப் பகுதியின் நுட்பங்கள் மெல்லப் பதியும்.

நூற்றாண்டின் இறுதியில் செலற்றின் பூசிய புரோமைட்டுத் தாள் பரவியது. இருட்டறையில் உருத்துலக்கப்படும் இத்தாளுக்கு அவ்வியல்பு இல்லை. எனவே எதிர்ப்படத்துக்கேற்பத் தாளைத் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. வேறுபாடு மிகுந்த எதிர்ப்படத்துக்கு மென்தரத் தாளும், வெளிறிய எதிர்ப்படத்துக்கு வன்தரத் தாளும் உரியன. இல்போர்ட் நிறுவனம் 1940இல் வெளியிட்ட மல்டிகிரேட் தாளில், நிறவடிகளை மாற்றுவதன் மூலம் ஒரே தாளிற் பல தரங்களையும் பெற முடிந்தது.

இவ்வேறுபாட்டை அறியாது, பழைய கண்ணாடித் தகடொன்றை நடுத்தரப் புரோமைட்டுத் தாளில் அச்சிட்டால் விளைவது யாது? வெண்சுவரின் வேலைப்பாடு வெறும் வெண்மையாகும்; கூரையின் நிழலில் உள்ள தூண்கள் இருளில் மறையும். சுவரில் அணி இல்லை என்றும், நிழலில் தூண் இல்லை என்றும் ஆராய்ச்சியாளர் முடிவு கட்டக்கூடும். மென்தரத் தாள் அப்பிழையைப் பெரிதும் தவிர்க்கும்.

காலமும் தாளைத் தாக்குகின்றது. மலைநாட்டு ஈரமும், கழுவலில் எஞ்சிய ஐப்போவின் கந்தகமும் வெண்கருப் படங்களின் வெள்ளியைக் கெடுக்கின்றன. வெண்பகுதி மஞ்சளாகி நுட்பங்கள் மறைகின்றன. ஒரு படத்திலே சிற்பம் தெளிவற்றிருப்பின், தேய்ந்தது கல்லா, தாளா என்று கேட்ட பின்னரே முடிவு கூறல் வேண்டும். புதுப் பிரதியும் இவ்விதிக்கு விலக்கன்று. 1970களிற் பரவிய பிளாத்திக்குப் பூச்சுத் தாளைச் சில நிமிடங்களிற் கழுவிவிடலாம். நார்த் தாளுக்கு நெடுநேரக் கழுவல் தேவை. எனினும், நன்கு கழுவிய நார்த் தாளே நெடுங்காலச் சேமிப்புக்கு ஏற்றதென்பது பலர் கொள்கை.

ஆதலின் பழம் படத்தைப் பிரதி செய்வோர் மூலப் படத்தைக் கழித்துவிடாது பேணுவதோடு, மூலத்தின் தாளையும் பிரதியின் தாளையும் குறித்துவைத்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத படம், ஏடெழுதியவர் பெயரும் காலமும் அறியப்படாத சுவடியை ஒத்தது. அதனைச் சான்றாகக் கொள்ளலாம், ஆனால் ஐயத்துடனேயே கொள்ளல் வேண்டும்.